துப்பாக்கிக் குழல் தடிமனா... மெலிசா? கல்வராயன் மலை நாட்டுத் துப்பாக்கி முதல் ராணுவ ரைஃபிள் வரை: ஓர் இரும்புக் குழாயின் கணக்கு!

'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்... ஒருவர் கைது!'

கள்ளக்குறிச்சி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு புதுசு இல்லை. கூடவே வரும் படத்தையும் பார்த்திருப்பீர்கள். போலீஸ் ஸ்டேஷன் மேசை மேல் நீளமாக ஓர் இரும்புக் குழல், பின்னால் மரக்கட்டை, பக்கத்தில் ஒரு டப்பாவில் கருமருந்து, கொஞ்சம் பால்ரஸ் குண்டுகள்.

அந்தப் படத்தில் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது குழலைத்தான். ஆனால் ஒரு துப்பாக்கி குறி தப்பாமல் சுடுமா, சுடுபவரின் கையிலேயே வெடிக்குமா, அதை வைத்திருப்பவர் விவசாயியா குற்றவாளியா என்று பல கேள்விகளுக்கான பதில் அந்தக் குழலில்தான் இருக்கிறது. ராணுவ ரைஃபிள் தயாரிக்கும் பொறியாளர் குழலின் தடிமனைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார். இந்தியச் சட்டமோ குழலின் நீளத்தை அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. மலையில் மட்டும் கையில் கிடைத்த குழாயே குழல் ஆகிவிடுகிறது.

துப்பாக்கிக் குழலை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதில் தடிமன் ஏன் முக்கியம்? கல்வராயன் மலை விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மலையில் துப்பாக்கி எதற்கு?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. கள்ளக்குறிச்சி பக்கம் இருக்கும் கல்வராயன் மலை வட்டத்துக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. சாமை, மரவள்ளி, மக்காச்சோளம் என்று மழையை நம்பிய விவசாயம்தான் பலருக்குப் பிழைப்பு.

காப்புக்காட்டை ஒட்டியே வயல். ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு முறை இறங்கினால், மரவள்ளிக் கிழங்கு மொத்தமும் தோண்டிப் போட்டது போல ஆகிவிடும். ஒரு வருஷத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும்.

பயிர்க் காவல் என்பது மலைக்குப் புதிய வேலையும் இல்லை. தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் வீசிக் கிளி ஓட்டிய கதையைச் சங்க இலக்கியம் பாடமாகப் படித்தவர்கள் அறிவார்கள். வள்ளி கதையே தினைப்புனக் காவலில்தான் தொடங்குகிறது. கவணுக்குப் பிறகு தகரம் தட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். சிலர் கையில் துப்பாக்கி வந்தது.

பயிர்க் காவலுக்கு என்று வந்த துப்பாக்கி அதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. வேட்டைக்கும் அது போகிறது. இருட்டில் புதர் அசைந்ததைப் பார்த்து விலங்கு என்று நினைத்துச் சுட்டு, கூட வந்தவரே பலியான சம்பவங்கள் தமிழக மலைப்பகுதிகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

குழலுக்குள் என்ன நடக்கிறது?

துப்பாக்கியின் தத்துவம் ரொம்பச் சின்னது. ஒரு பக்கம் மூடிய குழல். உள்ளே வெடிமருந்து, அதற்கு முன்னால் குண்டு. மருந்து பற்றியதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் வாயுவாக மாறி விரிகிறது. அந்த அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது.

ஆனால் அழுத்தத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று பேதம் கிடையாது. குண்டைத் தள்ளும் அதே விசை குழலின் சுவரையும் நாலா பக்கமும் தள்ளும். பின்பக்க மூடியையும் தள்ளும். சுடுபவரின் முகம் இருப்பது அந்த மூடிக்குப் பக்கத்தில்!

எவ்வளவு அழுத்தம்? கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் உருவாகும் உச்ச அழுத்தம் சுமார் 55,000 பி.எஸ்.ஐ. அதாவது கார் டயரைப் போல 1,600 மடங்குக்கும் மேல். கருமருந்தில் இயங்கும் பழைய மாதிரித் துப்பாக்கியில் இது குறைவுதான். குறைவு என்றாலும் அதுவும் பல ஆயிரம் பி.எஸ்.ஐ.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த அழுத்தம் குழல் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மருந்து எரியத் தொடங்கும் பின்பக்கத்தில்தான் உச்சம். குண்டு முன்னால் நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கும், அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் பெரும்பாலான துப்பாக்கிகளில் குழல் பின்பக்கம் தடித்தும், வாய்ப்பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும். பீரங்கிக்கும் இதே கணக்குதான். கோட்டைகளில் இருக்கும் பழைய பீரங்கியை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள், அடிப்பக்கம் பானை மாதிரி பருத்திருக்கும்.

குழாய் ஏன் குழல் ஆகாது?

இங்கேதான் நாட்டுத் துப்பாக்கியின் ஆபத்து தொடங்குகிறது.

கள்ளத்தனமாகச் செய்யப்படும் பல துப்பாக்கிகளில் குழலாக இருப்பது, வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட இரும்புக் குழாய். தண்ணீர் போவதற்கும் கைப்பிடி போடுவதற்கும் தயாரானது. அதற்கு இந்த அழுத்தம் தாங்கும் வலு கிடையாது. அது கெடுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சாதாரணக் குழாய் பெரும்பாலும் தகட்டை வளைத்து, ஓரத்தை ஒட்ட வைத்துச் செய்தது. அந்த ஒட்டு இருக்கும் கோடுதான் பலவீனமான இடம். அழுத்தம் ஏறும்போது பிளவு அங்கேதான் தொடங்கும்.

இரண்டாவது, தடிமன். குழாய் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தடிமனில் இருக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் பின்பக்கத்துக்கு என்று கூடுதல் வலு எதுவும் அதில் இல்லை.

மூன்றாவது, துரு. கருமருந்து எரிந்த பிறகு உள்ளே படியும் கரி ஈரத்தை இழுக்கும். மலைக் குளிரிலும் மழையிலும் பரண் மேல் கிடக்கும் குழல் உள்ளேயே அரித்துக்கொண்டு வரும். வெளியே பளபளப்பாக இருக்கலாம். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

நான்காவது, அடைப்பு. குழல் வாயில் கொஞ்சம் மண்ணோ, குளவிக் கூடோ அடைத்திருந்தால் போதும். வாயு போக வழியில்லாமல் சுவரைக் கிழிக்கும்.

ஐந்தாவது, மருந்தின் அளவு. முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியில் அளவு என்பது இடிப்பவரின் கை மதிப்புதான். பதற்றத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டுவிட்டால், அந்தத் தவறைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

முறைப்படி தயாராகும் துப்பாக்கிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், சோதனை. விற்பனைக்கு வருவதற்கு முன்பே வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனை நடப்பது, அதைத் தோளில் வைத்து முதல் முறை சுடும்போதுதான். சோதனையில் தோற்றால் போவது விரல், கண், சில நேரம் உயிர்.

'பேரல் ப்ரொஃபைல்' அப்படின்னா என்ன?

இப்போது தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு வருவோம். அழுத்தத்தைத் தாங்குவது முதல் நிபந்தனை. அதைத் தாண்டிய பிறகு பொறியாளர் முன்னால் இன்னொரு கேள்வி நிற்கும். குழலின் வெளிப்புறத்தை எவ்வளவு தடிமனாக விடுவது? எந்த இடத்தில் மெலிய வைப்பது? இந்த வெளிப்புற வடிவத்தைத்தான் துப்பாக்கி உலகில் 'பேரல் ப்ரொஃபைல்' என்கிறார்கள்.

அரை தானியங்கி ரைஃபிளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு வெளியேறும், அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். இதுதான் அரை தானியங்கி. பாதுகாப்புப் பணியில் நிற்கும் போலீஸாரின் தோளில் பார்த்திருப்பீர்களே, எஸ்.எல்.ஆர்., அது இந்த வகை. 'செல்ஃப் லோடிங் ரைஃபிள்' என்பதன் சுருக்கம்தான் எஸ்.எல்.ஆர்.

நாட்டுத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டு, மறுபடி மருந்து இடித்து, குண்டு போட்டுத் தயாராவதற்குள் குழல் ஆறிவிடும். அரை தானியங்கியில் சில நொடிகளிலேயே அடுத்தடுத்து பல குண்டுகள் போகும். சூடு ஏறும். அந்தச் சூட்டைச் சமாளிப்பதில்தான் தடிமனின் விளையாட்டு.

பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

மெல்லிய குழல்: பென்சில் மாதிரி இருப்பதால் 'பென்சில் பேரல்' என்றே பெயர். எடை குறைவு. நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், சட்டென்று திருப்பலாம். ஆனால் சீக்கிரம் சூடாகும். சூடான பிறகு குண்டு விழும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரத் தொடங்கும்.

நடுத்தரக் குழல்: எடைக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

தடித்த குழல்: 'ஹெவி பேரல்', அதையும் தாண்டினால் 'புல் பேரல்'. சூடாக நேரம் எடுக்கும், அதிர்வு குறைவு. தொடர்ந்து சுட்டாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். இலக்கு பார்த்துச் சுடும் போட்டிகளுக்கு ஏற்றது. ஆனால் கனம். தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறுபவருக்குத்தான் அந்தக் கனம் தெரியும்.

புரியவில்லையா? அடுப்படிக்கு வாருங்கள். மெல்லிய அலுமினியக் கல் சட்டென்று காயும், மூன்றாவது தோசையிலேயே கருக ஆரம்பிக்கும். கனமான இரும்புத் தோசைக்கல் காய நேரம் ஆகும், காய்ந்த பிறகு முப்பது தோசை வரை ஒரே பதம் வரும். ஆனால் அந்தக் கல்லைத் தூக்கி வைக்கவே கை வலிக்கும், ஆறுவதற்கும் நேரம் ஆகும். குழலும் அப்படித்தான்.

சிலர் தடித்த குழலின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் செதுக்குவார்கள். அதனால் எடை கொஞ்சம் குறையும், காற்று படும் பரப்பும் கூடும்.

தடித்த குழல் என்றால் குறி தப்பாதா?

பலரும் நம்பும் விஷயம் இது. பாதிதான் உண்மை.

நன்றாகச் செய்யப்பட்ட மெல்லிய குழலின் முதல் சில குண்டுகள், தடித்த குழலுக்குச் சமமாகவே இலக்கில் விழக்கூடும். வித்தியாசம் வெளியே தெரிவது சூடு ஏறிய பிறகுதான். உள்ளே வரி சரியாக வெட்டப்படாத, அளவு பிசகிய குழலை எவ்வளவு தடிமனாக்கினாலும் குறி வராது.

தடிமன் தருவது விறைப்பு. குண்டு போகும்போது குழல் மெல்லிய அளவில் அதிரும். மூங்கில் குச்சியைத் தட்டினால் ஆடும், உலக்கையைத் தட்டினால் ஆடாது, அதே மாதிரி. திடமான ஒரு கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் வலு 16 மடங்காகும். எடையோ 4 மடங்காகும். கொஞ்சம் தடிமன் கூட்டினாலே விறைப்பு நிறையக் கிடைக்கும். ஆனால் எடையும் சும்மா விடாது.

ஆக, எது நல்ல குழல் என்று யாராவது கேட்டால், யார் தூக்கப் போகிறார், எத்தனை முறை சுடப் போகிறார், எவ்வளவு தூரத்துக்கு என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

ராணுவங்களுக்கே இதில் குழப்பம் வந்ததா?

வந்தது. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிள் நல்ல உதாரணம்.

வியட்நாம் போர்க்காலத்து எம்16-ன் குழல் மெல்லியது. எடை குறைவு என்பதுதான் அதன் பெருமையே. 1980-களில் வந்த எம்16ஏ2 மாடலில் குழலைத் தடிமனாக்கினார்கள். ஆனால் முழுசாக இல்லை. முன்பக்கம் கைப்பிடிக்கு வெளியே தெரியும் பகுதி மட்டும் தடித்தது. கைப்பிடிக்குள் இருக்கும் பகுதி பழையபடியே மெலிசாக இருந்தது. அங்கே பொருத்தும் கையெறிகுண்டு ஏவும் கருவிக்கு அந்த மெல்லிய அளவுதான் சரியாக இருந்தது.

விளைவு? எடை முழுக்க முன்னால் போய்விட்டது. சூடு அதிகம் சேரும் பின்பகுதிக்குக் கூடுதல் வலு கிடைக்கவில்லை. 1990-களில் வந்த சின்ன ரைஃபிளான எம்4-லும் இதே கதை. தொடர்ந்து சுட்டால் குழல் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சிறப்புப் படையினரிடமிருந்து புகார் வந்தது. பிறகுதான் எம்4ஏ1-க்கு, கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியையும் தடிமனாக்கிய குழல் வந்தது. அமெரிக்க ராணுவம் தன் பழைய எம்4-களையும் 2010-களில் அந்த மாதிரிக்கு மாற்றியது.

ஒரு வல்லரசின் ராணுவமே தடிமனை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விக்கு விடை தேட முப்பது வருஷம் எடுத்துக்கொண்டது.

இந்தியாவிலும் இந்தக் கணக்கு உண்டு. 1999 கார்கில் போரில் நம் வீரர்கள் கையில் இருந்த இன்சாஸ் குடும்பத்தில் இரண்டு ஆயுதங்கள். ஒன்று வீரர் தூக்கிக்கொண்டு ஓடும் ரைஃபிள், குழல் நீளம் சுமார் 46 செ.மீ. இன்னொன்று இலகு ரக இயந்திரத் துப்பாக்கி, குழல் நீளம் சுமார் 53 செ.மீ., தடிமனும் கூடுதல். தோட்டா இரண்டுக்கும் ஒன்றேதான். வேலை வேறு, அதனால் குழல் வேறு.

இந்த ரைஃபிளில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1966-ல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இன்சாஸ் தயாரானது. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு ரைஃபிளும் இங்கிருந்து வந்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் இந்தத் தொழிற்சாலை 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா' என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

இந்தியாவில் நாம் குழலைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

அமெரிக்காவில் ஒருவர் கடைக்குப் போய், தடித்த குழலா மெல்லிய குழலா என்று விலை பேசி வாங்கலாம். இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை.

2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், அரை தானியங்கி ரைஃபிள்கள் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பிரிவில் வருகின்றன. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் முழு தானியங்கி, தடை செய்யப்பட்ட ஆயுதம். சாதாரண ஆளுக்கு இவை கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அப்படியானால் விவசாயிக்கு? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உரிமம் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், உள்ளே வரி இல்லாத வழவழப்பான குழலும், 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால், முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கிக்கும் தரலாம்.

கவனித்தீர்களா? விவசாயிக்கு என்ன குழல் என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி என்ற தேவையைச் சட்டம் மறுக்கவில்லை. உரிமம் வாங்கு, தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்த துப்பாக்கியை வாங்கு என்கிறது. உரிமப் புத்தகங்களில் வரும் 'எஸ்.பி.எம்.எல்.' என்பது முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியைத்தான் குறிக்கிறது.

ஏன் 20 அங்குலம்? நீளமான துப்பாக்கியை வேட்டிக்குள்ளோ பைக்குள்ளோ ஒளிக்க முடியாது. காவலுக்குப் போகிறவருக்கு ஒளிக்க வேண்டிய தேவையும் இல்லை. குழலைக் குட்டையாக்கினால் அதன் பயன் மாறிவிடும் என்பது சட்டத்தின் பார்வை. அதனால்தான் உரிமம் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவதை 6-வது பிரிவு தனியாகத் தடை செய்கிறது.

தண்டனை எவ்வளவு?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது 2019 நவம்பர் 26-ல். அதற்கு அடுத்த மாதமே ஆயுதச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பழைய தண்டனை அளவையே மனதில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால், முன்பு 1 முதல் 3 ஆண்டுகள் சிறை. இப்போது 2 முதல் 5 ஆண்டுகள் சிறையும் அபராதமும்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால், விற்றால், பழுது பார்த்தால், குழலை வெட்டிக் குட்டையாக்கினால், முன்பு 3 முதல் 7 ஆண்டுகள். இப்போது குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

பன்றி விரட்ட வைத்திருந்தேன் என்ற காரணம், உரிமம் இல்லாத குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. இது இரண்டு வேறு சட்டங்கள்.

துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பது ஆயுதச் சட்டம். விலங்கைக் கொல்லலாமா என்பதைச் சொல்வது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அதன் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துப்பூர்வமாக அனுமதித்தால்தான் கொல்ல முடியும்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் தூரக் கணக்கு ஒன்றை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றிகளைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ.க்குள் வந்தால் வனத்துறை பிடித்து மீண்டும் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் போனால் வனத்துறையினர் சுடலாம்.

கல்வராயன் மலை போன்ற இடத்துக்கு இதில்தான் சிக்கல். வயலுக்கு அடுத்த வரப்பே காப்புக்காடு என்று இருக்கும் ஊரில் 3 கி.மீ. கணக்கு எட்டவே எட்டாது. பன்றித் தொல்லை அதிகம் இருக்கும் ஊருக்கு இந்த அறிவிப்பால் கிடைக்கும் பயன் குறைவு. அங்கே விவசாயிக்கு மிஞ்சுவது வேலி, காவல், வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனு ஆகிய மூன்றும்தான்.

குடகு மக்களுக்கு மட்டும் எப்படி?

பக்கத்து கர்நாடகாவில் குடகு இனத்தவரும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். உண்மைதான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு குறிப்பிட்ட சில ஆயுதங்களுக்குத்தான், அந்த மக்களுக்கு மட்டும்தான். கல்வராயன் மலைக்கோ, தமிழ்நாட்டின் வேறு எந்த மலைக்கோ அப்படி ஒரு விலக்கு இல்லை.

வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது?

தமிழகத்தின் மலை மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். உரிமம் இல்லாத துப்பாக்கியைக் குறிப்பிட்ட நாளுக்குள் தாமாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூலமாகவும், பஞ்சாயத்துத் தலைவர் மூலமாகவும் துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தச் சலுகை எப்போதும் திறந்திருக்கும் கதவு இல்லை. கெடு முடிந்தால் வழக்கு, கைது என்று பழைய வழிதான்.

கவனிக்க வேண்டியவை:

தாத்தா பேரில் உரிமம் இருந்தது என்பது பேரனுக்கான உரிமம் ஆகாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அல்லது உரிமம் காலாவதியானால், தாமதிக்காமல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பேருக்கு உரிமம் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

புது உரிமத்துக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்த பிறகே முடிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள்.

பரண் மேல் பல வருஷமாகக் கிடக்கும் துப்பாக்கியை, வேலை செய்கிறதா என்று சுட்டுப் பார்க்கவே கூடாது. உள்ளே பழைய மருந்து இடித்தபடியே இருக்கலாம். அதைக் குடைந்து எடுக்க முயல்வதும் ஆபத்து. ஸ்டேஷனுக்கு முதலில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும்படி செய்வதே பாதுகாப்பு.

போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

பயிர் சேதமானால் வயலை உடனே சீர்படுத்தாமல், சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அதிகாரிகள் நேரில் பார்த்து மதிப்பிட்ட பிறகே இழப்பீடு கிடைக்கும்.

துப்பாக்கியை ஒப்படைத்த மறுநாள் ராத்திரியும் பன்றி வரும். அந்தக் கேள்விக்குக் காவல்துறையிடம் பதில் இல்லை. வனத்துறையும், வேலிக்கும் இழப்பீட்டுக்கும் பணம் ஒதுக்கும் அரசும்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வெள்ளிமலை வரை வந்து சேரும் நாள்வரை, வெடித்துச் சிதறக்கூடிய ஒரு குழாயை நம்பிப் பரணில் உட்காரும் ஆட்கள் மலையில் இருந்துகொண்டுதான் இருப்பார்கள்.